படிக்க முடியாத இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு முதல் மணி அடித்தபோது பெமிலா சர்வர் அறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புன்னைக்கோடு மிஷன் ஆஸ்பத்திரியில் ஞாயிறன்று வெளிநோயாளிகள் கிடையாது. கேஷுவாலிட்டியும் வார்டும் மட்டும்தான். சர்வரை அரைநாள் நிறுத்திவைக்க அதைவிட்டால் வேறு நாள் இல்லை. "ரெண்டு மணி வரைக்கும் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருங்கோ, பொறவு நான் ஏத்திக்கிடுகேன்" என்று வார்டு நர்சுகளிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலை அத்தனையும் அவள் ஒருத்தி தலையில்தான். சன்னல் இல்லாத இந்தச் சின்ன அறை ஒரு காலத்தில் எக்ஸ்ரே படங்களைக் கழுவிக் காயவைத்த இருட்டறை. ஃபிலிம் வாங்கும் செலவு கட்டுப்படியாகாமல் எல்லாப் படங்களும் கம்ப்யூட்டருக்கு மாறியபோது அறையைச் சர்வருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு நோயாளிகளின் கையில் படம் கொடுக்கும் வழக்கம் நின்றது. டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டும், கேட்டால் ஒரு காகிதப் பிரதியும்தான். 'தங்கள் படங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கும்' என்று நோயாளி அட்டையின் பின்பக்கம் ஒரு வரி அச்சடித்திருந்தார்கள். அந்த வரியை டைப் செய்து கொடுத்தவளும் பெமிலாதான்.

சர்வருக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்குகள். ஒன்றில் எழுதுவது அந்த நொடியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். மே மாதக் கடைசியில் ஒன்று செத்தது. தாங்கி நின்ற மற்றதும் அதே வயதுதான், ஒன்பது வருடம் ஓடியது. இரண்டுக்கும் பதிலாகப் புது டிஸ்குகள் வாங்கித் தரச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்து, கமிட்டி கூடி, டிஸ்குகள் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. தினமும் விடியற்காலை தானாக நடக்கும் பேக்கப்பை நம்பி அந்த மாதத்தை ஓட்டினாள். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று தினமும் காலையில் அவள் போனுக்குச் செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள்.

பழைய டிஸ்குகளை உருவி, ஒட்டுத்தாளில் தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்தாள். புதியவற்றைச் செருகினாள். முந்தின நாள் மாலை அதே பேக்கப் பட்டியலின்படி வெளி டிஸ்கில் எடுத்து வைத்திருந்த முழு நகலிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினாள். ஒரு மணிக்கெல்லாம் நோயாளிகளின் பெயர்கள் வந்தன. லேப் முடிவுகள் வந்தன. மருந்துச் சீட்டுகள் வந்தன. தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள்: தைராய்டு மாத்திரை, மூன்று வருடத்து அளவுகள், எல்லாம் இருந்தன. சூப்பிரண்டு டாக்டர் சுந்தரராஜுக்கு, 'முடிந்தது சார். ஸ்தோத்திரம்' என்று செய்தி அனுப்பிவிட்டுச் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்தாள்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். ஸ்கேன் பிரிவு எபிசன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். அவளைவிட நான்கைந்து வயது மூத்தவன். சபையில் அவளோடு பாடகர் குழுவில் நிற்பவன்.

"பிள்ளே, கேஷுவாலிட்டில ஒரு ஆளு வந்திருக்காரு, நெஞ்சுவலி. போன வருசத்து எக்ஸ்ரே கேக்காவ. பேரு வருகு. ரிப்போர்ட் வருகு. படம் மட்டும் தொறக்க மாட்டேங்கு."

"எந்தப் படம்?"

"எந்தப் படமும்."

அவள் கை கழுவவில்லை. இடது கையால் சுட்டியைப் பிடித்துப் படங்கள் இருக்கவேண்டிய ஃபோல்டருக்குப் போனாள். பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வெளி டிஸ்கில் பார்த்தாள். அங்கும் இல்லை. போன வார நகலிலும், போன மாத நகலிலும் இல்லை.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் நினைவு வந்துவிட்டது. கொரோனா இரண்டாம் அலை. ஒரு நாளைக்கு நூறு நெஞ்சுப் படங்கள் வந்து குவிந்த நேரம். டிஸ்கில் படங்களுக்கென்று ஒதுக்கிய பகுதி முட்டிப்போய், ஒரு பிற்பகலில் படங்களையெல்லாம் அதே டிஸ்கின் பெரிய பகுதிக்கு மாற்றினாள். மாற்றிய புது இடத்தைப் பேக்கப் பட்டியலில் சேர்க்கவேண்டும். நாளைக்குச் சேர்க்கலாம் என்று வைத்தாள். மறுநாள் அவளுக்கே காய்ச்சல். பதினேழு நாள் கழித்து வேலைக்கு வந்தபோது அந்த ஒரு வரி மனசைவிட்டுப் போயிருந்தது. நான்கு வருடமாக அந்தப் பேக்கப் காலி ஃபோல்டரைப் பிரதியெடுத்து, வெற்றி வெற்றி என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருநாளாவது நகலிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அவள் பார்க்கவில்லை.

அலமாரியில் வைத்த பழைய டிஸ்குகளில், கடைசி வரை ஓடியதை எடுத்துத் தனியாக இணைத்தாள். ஒன்பது வருடம் நிற்காமல் சுழன்றது, நான்கு மணி நேரம் நின்று குளிர்ந்திருந்தது. மறுபடி சுழல முயன்றது. ஃபோல்டரின் பெயர் திரையில் வந்தது. பிறகு உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். அவள் உடனே மின்சாரத்தைத் துண்டித்தாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகு முயலும் ஒவ்வொரு முறையும் தட்டில் ஒரு கீறல் கூடும் என்று அவளுக்குத் தெரியும். இனிமேல் அவள் தொடக்கூடாது.

"என்னாச்சு?" என்றான் எபிசன்.

"படம் ஒண்ணும் இல்ல அண்ணா. வந்தவருக்குப் புதுசா எடுத்திருங்கோ."

அவன் போனபிறகு சோற்றுப்பாத்திரத்தை மூடி ஓரமாகத் தள்ளினாள். டிஸ்க் செத்ததால் படம் போயிற்று என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்து, ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் அந்த வளாகத்தில் இன்னொருவர் கிடையாது. இப்போதே அந்த வரியைச் சேர்த்து வைத்தாலும் கேட்பாரில்லை. விரல் விசைப்பலகை வரைக்கும் போனது. பிறகு கையைப் பார்த்தாள், சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, சர்வர் அறையைப் பூட்டிக்கொண்டு, வளாகத்துக்குள்ளேயே இருந்த சூப்பிரண்டின் குவார்ட்டர்சுக்கு நடந்தாள்.

டாக்டர் சுந்தரராஜ் ஆராதனைக்குப் போய் வந்த வெள்ளை வேட்டியோடு வராந்தாவில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது, அறுவைச் சிகிச்சை நிபுணர். அதிகம் பேசாதவர். அவள் நின்றபடியே சொன்னாள். எங்கே மாற்றினாள், எதைச் சேர்க்க மறந்தாள், எத்தனை வருடம், எல்லாம். அவர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தன பேருக்க படம்?"

"இருபத்தோராயிரம் பேருக்குக் கிட்ட இருக்கும் சார்."

"டிஸ்க் கெட்டதனாலயா, நீ மறந்ததனாலயா?"

"டிஸ்க் என்னைக்கானாலும் கெடும் சார். அதுக்குத்தான் பேக்கப். நான் மறந்ததனாலதான்."

அவர் குரல் உயரவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"நாளைக்கு தாணம்மாள்னு ஒரு அம்மா வருவாவ. நெஞ்சில ஒரு நிழல். ஆறு மாசத்துக்கு முன்ன இருந்தத விட வளந்திருக்கா இல்லியான்னு பாத்துத்தான் கத்தி வைக்கணுமா வேண்டாமான்னு நான் சொல்லணும். அவங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

பெமிலா சர்வர் அறைச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"எழுதித் தா" என்றார். "இப்பம் எங்கிட்ட சொன்னது அவ்வளவும். போர்டில ஒரு அறிவிப்பும் போடு. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு போடண்டாம். நாம தொலச்சிட்டோம்னு போடு. அந்த டிஸ்க்க யாராவது மீட்டுத் தருவாவளான்னு இன்னைக்கே பாரு."

நாகர்கோவிலில் ஷிஜின் என்று ஒருவன் இருந்தான். கெட்டுப்போன டிஸ்குகளிலிருந்து கல்யாண வீடியோக்களையும் கடைக் கணக்குகளையும் மீட்டுக் கொடுப்பவன். துபாயில் எட்டு வருடம் அதே வேலை செய்துவிட்டு வந்து இங்கே ஒரு மாடியில் கடை போட்டிருந்தான். திங்கள்கிழமை காலை கடை திறக்கும் முன்பே பெமிலா டிஸ்கைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன வாட்டி ஓட்டிப் பாத்திய அக்கா?"

"ஒரு வாட்டி. சத்தம் கேட்டதும் நிறுத்திட்டேன்."

"அது புண்ணியம். பத்து வாட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வருவாவ." டிஸ்கைக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தான். "நல்ல எடத்த மொதல்ல எடுக்கணும். கெட்ட எடத்துல மாட்டிக்கிடாம தாண்டித் தாண்டிப் போணும். எல்லாம் எடுத்த பொறவு, கடைசியில, உயிரிருந்தா, கெட்ட எடத்துக்குத் திரும்ப வரணும். அஞ்சாறு நாள் ஆகும். நான் ஒண்ணும் உறுதி சொல்லல்ல."

அந்த ஐந்தாறு நாளும் ஆஸ்பத்திரியில் என்ன நடந்ததென்று பெமிலா பிறகு யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஆட்கள் நின்று படித்தார்கள். சிலர் சர்வர் அறை வரைக்கும் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாணம்மாளுக்கு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். அந்த அம்மா கேட்டுவிட்டு, "இன்னும் ஆறு மாசம் காத்திருக்கணுமா சாரே? வளருகுன்னா வளந்திருமே" என்று மட்டும் கேட்டாள். கதவுக்கு வெளியே நின்ற பெமிலாவின் காதில் அது விழுந்தது.

சனிக்கிழமை மாலை ஷிஜின் கூப்பிட்டான். பெரும்பகுதியும் வந்துவிட்டது. தாணம்மாளின் நெஞ்சும் வந்துவிட்டது. (நிழல் வளரவில்லை என்று அடுத்த திங்களன்று டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.) ஆனால் டிஸ்கின் ஒரு இடத்தில் தட்டு சுரண்டப்பட்டிருந்தது. நூற்றறுபத்து மூன்று பேரின் படங்கள் அங்கே இருந்தவை. அவை அரைகுறையாகத்தான் வந்தன, மருத்துவருக்கு உதவா.

இந்த முறை பெமிலா புது டிஸ்குகளில் படங்களை ஏற்றியபின், அவற்றின் நகலிலிருந்து இருநூறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்த்தாள். பிறகு நூற்றறுபத்து மூன்று பேரின் பட்டியலை அச்சடித்து டாக்டரிடம் கொண்டுபோனாள். எல்லாருக்கும் இலவசமாகத் திரும்பப் படம் எடுத்துக் கொடுப்பதென்று அவர் முடிவு செய்தார்.

"வரவேற்புல உள்ள பிள்ளைகள விட்டுக் கூப்பிடச் சொல்லு."

"நானே கூப்பிடுகேன் சார்."

அவர் தலையசைத்தார். அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கமிட்டிக்கு அனுப்பியிருந்தார். அந்த வருடச் சம்பள உயர்வு அவளுக்கு இல்லை என்று முடிவாகியிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நான்கு பிற்பகல்கள் அவள் போனில் பேசினாள். பெயர் சொன்னாள், ஆஸ்பத்திரி சொன்னாள், "உங்க படம் எங்ககிட்டருந்து போயிட்டு. என் தப்பு" என்றாள். ஒருவர் ஏசினார். ஒருவர், "எனக்கு எலும்பு ஒட்டிட்டு, படம் யாருக்கு வேணும்?" என்று சிரித்தார். ஒரு வீட்டில் போனை எடுத்த பெண், "அப்பா போயி ஒரு வருசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு மரியாதையாகவே வைத்தாள். பெமிலா பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

நூற்றுப் பதினெட்டாவது பெயர் அஜிதா, வயது இருபத்தொன்பது, கொட்டாரம். கர்ப்ப ஸ்கேன், ஏழாம் மாதம். தேதியைப் பார்த்தாள்: இரண்டு வருடத்துக்கு முன். பிள்ளை இப்போது நடந்து பேசத் தொடங்கியிருக்கும், இவளுக்கு இது பெரிய விஷயமாக இராது என்று நினைத்துக்கொண்டுதான் எண்களை அழுத்தினாள்.

சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்ததும் மறுமுனையில் சத்தமில்லை.

"ஹலோ? நீங்க வந்தா திரும்ப எடுத்துத் தருவோம்…"

"இனி எப்பிடி எடுப்பிய?" என்றது குரல். "பிள்ள இல்லியே."

பெமிலா எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்த ஸ்கேன் எடுத்து ஒம்பதாவது நாளு துடிப்பு நின்னு போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. எனக்கு ரெத்தப்போக்கு, ரெண்டு நாளு நெனவில்ல. முழிச்சுப் பாக்கச்சில அடக்கம் கழிஞ்சிட்டு. பொம்பளப் பிள்ளைன்னு சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல்ல. நான் பாக்கவே இல்ல." மூச்சு விட்டாள். "நீங்க தந்த பேப்பரு, ஃபைல், வாங்கி வச்சிருந்த துணி எல்லாம் கூட்டிப் போட்டு, தீ வச்சுக் கத்திச்சிட்டாவ. கண்ணுல படக்கூடாதுன்னு. அட்ட மட்டும் எங்கிட்ட இருந்து. அதுல எழுதியிருக்கும்லா, படம் அங்க இருக்கும்னு."

"ஆமா."

"ரெண்டு வருசமா அந்த வழி பஸ்ஸில போவேன். ஆஸ்பத்திரி நிறுத்தம் வரும். எறங்கணும்னு நெனப்பேன். கால் வராது. சரி, உள்ள இருக்குல்லா, எங்க போகப்போகு, மனசு வரச்சில வாங்கிக்கிடலாம்னு இருந்திட்டேன்." குரல் தாழ்ந்தது. "ஒண்ணுமே இல்லியா அக்கா?"

இல்லை என்றுதான் பட்டியல் சொன்னது. பெமிலா அந்தப் பெயருக்கு எதிரே கோடு போடவில்லை. "ரெண்டு நாளு தாங்கோ. இன்னொரு தடவ பாக்கேன். இருந்தாலும் சொல்லுவேன், இல்லாட்டாலும் நானே கூப்பிட்டுச் சொல்லுவேன்" என்றாள்.

மறுநாள் ஷிஜினின் கடையில், உதவாது என்று அவன் ஒதுக்கிவைத்திருந்த கோப்புகளைத் தேடினார்கள். அஜிதாவின் பெயரில் ஏழு படங்கள். ஆறு முழுக்கக் கறுப்பு. டிஸ்கில் படிக்க முடியாத இடத்துக்கு அவனுடைய கருவி வெறும் பூஜ்யங்களை நிரப்பியிருந்தது. ஏழாவதைத் திறந்தார்கள்.

பிள்ளை மல்லாந்து படுத்திருந்தது. மேலே நெற்றியின் வளைவும் மூக்கும் உதடும். மூக்கருகே மடங்கிய ஒரு கை, விரல்கள்கூட எண்ணிவிடலாம். அதற்குக் கீழே படத்தின் குறுக்கே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புப் பட்டை. பட்டைக்குக் கீழே பின்தலையும், மணி கோத்ததுபோல முதுகெலும்பும்.

"இந்தப் பட்டையும் ஒரு பிரச்சினையா அக்கா? இப்பம் அதுக்கெல்லாம் சாப்ட்வேர் உண்டு" என்றான் ஷிஜின். அவள் ஏதும் சொல்லுமுன் விரல்கள் ஓடின. அரை நிமிடம். பட்டை மறைந்துவிட்டது. கன்னமும் காதும் கழுத்தும் மேலேயும் கீழேயும் உள்ளவற்றோடு தையல் தெரியாமல் சேர்ந்திருந்தன. அழகான பிள்ளை. "பாத்தியளா? யாரு பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பெத்தவளுக்கு ஒரு ஆறுதல்."

பெமிலா திரையருகே குனிந்து அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கொட்டாரத்தில் ஒருத்தி இதைச் சட்டம் போட்டு வைத்துக்கொள்வாள். காலமெல்லாம் இந்தக் கன்னத்தைத் தடவுவாள். யாருக்கும் தெரியவராது.

"இது யாருக்க கன்னம், ஷிஜின்?"

"அக்கா?"

"அந்தப் பிள்ளைக்கது இல்லியே."

அவன் கொஞ்சம் வாடிப்போனான். "நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும் மக்கா. ஆனா இல்லாதத இருக்குன்னு அவளுக்கு நான் குடுக்கப்பிடாது. உள்ளதுபோல அச்சடிச்சுத் தா. மத்தத அழிச்சிரு."

அவன் அழித்தான். கறுப்புப் பட்டையோடு உள்ளதை நல்ல தடித்த தாளில் இரண்டு பிரதி அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்தான். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

போனில் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் பிற்பகல் கொட்டாரத்துக்குப் பஸ் ஏறினாள். கடைத்தெருவில் இறங்கி, உரக்கடை அனில்குமார் வீடு என்று கேட்டதும் கையைக் காட்டினார்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குப் பின்னால் வயல், கன்னிப்பூச் சாகுபடிக்கு நாற்று நட்டுத் தண்ணீர் நின்றது. கடையில் இருந்தவன்தான் அனில்குமார், அஜிதாவின் கணவன். முப்பத்தைந்து இருக்கும். விஷயம் கேட்டதும் அவன் முகம் இறுகியது.

"எதுக்கு மேடம் இப்பம் இத கொண்டு வந்திய? அவ இப்பந்தான் கொஞ்சம் சரியாயி வருகா. ஒங்ககிட்ட போச்சுன்னா போச்சுன்னு விட்டிருக்கலாம்லா?"

"அவிய கேட்டாவ. நான் பாத்துச் சொல்லுகேன்னு சொல்லிட்டேன்."

"அவ கேப்பா. நம்ம குடுக்கணுமா?"

அதற்குள் அஜிதா உள்ளிருந்து வந்துவிட்டாள். மெலிந்த பெண். முடியை அவசரமாகக் கோதிக் கட்டியிருந்தாள். கணவனைப் பார்க்காமல், "உள்ள வாங்கோ அக்கா" என்றாள்.

முன்னறையில் பெமிலாவை நாற்காலியில் இருத்திவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். பெமிலாவும் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கினாள். உறையைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் சொன்னாள். தான் மறந்தது, ஆறு படங்கள் முழுக்கப் போனது, ஒன்றில் நடுப்பகுதி இல்லாதது. நிரப்பித் தர முடியும் என்றார்கள், நான் வேண்டாமென்றுவிட்டேன், அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கு வேண்டுமானால் செய்து தருகிறேன் என்பதையும் சொன்னாள். "எங்கிட்ட பத்திரமா இருக்கும்னு நம்பி விட்டிய. நான் காக்கல்ல. அதுக்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னு எனக்குத் தெரியல்ல" என்றாள்.

அஜிதா உறையைப் பிரித்தாள்.

அழவில்லை. படத்தைத் தரையில் வைத்து, குனிந்து பார்த்தாள். பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தினார்கள். நெற்றியின் வளைவின்மேல் சுண்டுவிரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். மூக்கு, உதடு, மடங்கிய கை. பட்டையில் வந்து விரல் நின்றது.

"இங்க என்ன இருந்து அக்கா?"

"தெரியாது மக்கா. படிக்க முடியாத எடம் அது. அங்க உள்ளத எனக்குச் சொல்லத் தெரியாது."

"காது" என்றது ஒரு குரல்.

அனில்குமார் கடைப்பக்கக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்போது வந்து நின்றான் என்று இருவரும் கவனித்திருக்கவில்லை. படத்தை அவன் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசினான்.

"ஒரு காது நல்லா இருந்து. மத்தது மடங்கி ஒட்டிப் போயிருந்து. விரல வச்சு நான் நிமித்திப் பாத்தேன். நிமிரல்ல."

அஜிதா மெல்லத் திரும்பினாள். "நீங்க பாத்தியளா?"

"நான்தானே தூக்கிட்டுப் போனேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொல்லண்டாம்னாவ எல்லாரும். நீ தாங்கமாட்டன்னாவ. நீயும் கேக்கல்ல." அவன் குரல் உடைந்தது. "கேட்டிருவியோன்னு பயந்துதான் நான் கடையிலயே இருந்தேன், ரெண்டு வருசமா."

அவன் நிலையை விட்டு உள்ளே வந்து, மனைவிக்கு ஒரு முழம் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வேட்டியில் உரப்பொடி அப்பியிருந்தது. அஜிதா படத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"முடி இருந்தா?"

"நெறய. ஈரமா இருந்து. நெத்தி வரைக்கும்."

"எப்பிடி வச்சிருந்திய? துணியிலயா?"

"ஒனக்க நீல சாரி இருந்துல்லா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன பையில. அதக் கிழிச்சு…" அவன் கையால் முகத்தைத் துடைத்தான். "நெறய கனம் இல்ல அஜிதா. ஒரு தேங்கா கனம்கூட இல்ல. ஆனா வீட்டுலருந்து அந்த எடம் வரைக்கும் போறதுக்குள்ள கை கடுத்துப் போச்சு."

பெமிலா சத்தம் காட்டாமல் எழுந்தாள். அவர்கள் இருவரும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டாவது பிரதி இருந்த உறையை நாற்காலியின்மேல் வைத்துவிட்டு, கடை வழியே போகாமல் பக்கவாசலால் இறங்கிச் செருப்பை மாட்டினாள். கடை திறந்தபடி கிடந்தது. யாரோ ஒருவர் யூரியா வாங்க வந்து, ஆளைக் காணாமல், "அனிலே, ஏலே அனிலே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நேரம் கழிச்சு வாருங்கோ அண்ணாச்சி" என்று பெமிலா அவரிடம் சொன்னாள். "அவிய ரெண்டு பேரும் பேசிட்டிருக்காவ."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்று எதிர்ச் சாயாக்கடைக்குப் போனார். உள்ளே அஜிதா அடுத்த கேள்வியைக் கேட்டாள். சற்று இடைவெளி விட்டு, அனில்குமார் பதில் சொல்லும் சத்தம் கேட்டது. பெமிலா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.